நாலு முப்பத்தைந்துக்கு வந்த சீட்டு

வெள்ளிக்கிழமை, காலை

அன்புள்ள மைத்துனருக்கு,

உங்கள் கடிதமும் புகைப்படமும் செவ்வாயன்றே வந்து சேர்ந்தன. புதுக் கால் நன்றாகப் பொருந்திவிட்டது என்று நீங்கள் எழுதியிருந்ததை உங்கள் அக்காவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். புகைப்படத்தை ஜன்னலருகே எடுத்துப்போய் மூக்குக்கு முன்னால் பிடித்துப் பார்த்துவிட்டு, “கால் எங்க தெரியுது? தொப்பைதான் முன்னாடி நிக்குது” என்றாள். இடது கண்ணில் அறுவை முடிந்து பதினெட்டு நாள் ஆகிறது. ஒரு நாளைக்கு நான்கு முறை சொட்டு மருந்து. மணி பார்த்து விடுவது என் வேலை. இன்னும் ஒரு வாரத்துக்கு எழுதவும் படிக்கவும் கூடாதாம். அதனால் இந்தக் கடிதத்தின் அடியில் அவள் கையெழுத்தில் வழக்கமான நாலு வரி இருக்காது. வராந்தா ஒழுகுவது நின்றுவிட்டது. கொத்தனார் வராமலேயே நின்றுவிட்டது என்பதுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

படைப்பிரிவு வரலாறு எந்த அளவில் இருக்கிறது, உங்கள் அணியைப் பற்றி எத்தனை பக்கம் என்று கேட்டிருந்தீர்கள். இம்மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. தொகுக்கும் மேஜர், பெயர் அடைவு தயாரிக்கும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார். முப்பது வருடம் கல்லூரி நூலகத்தில் அட்டை எழுதியவன் என்பதால் நம்பிக் கொடுத்திருக்கிறார். ஒரு பெயருக்கு ஓர் அட்டை. அவர் என்ன செய்தார், எந்தப் பக்கம். அறுநூற்றுப் பன்னிரண்டு அட்டைகள் முடிந்துவிட்டன. உங்களுக்கும் ஓர் அட்டை இருக்கிறது: ‘காயம், பக்கம் 214’. அதே பக்கத்துக்கு இன்னொருவருடைய அட்டையும் எழுத வேண்டும்: ‘செய்தி கொண்டுவந்தவர், தாமதம், பக்கம் 214’. அந்த ஒன்றை மட்டும் ஐந்து முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

கடையில் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்திருக்கும்போது இது வந்தால், கையிலுள்ள கடிகாரத்தைக் கீழே வைத்துவிட்டுப் படியுங்கள். அன்று விடியற்காலையில் உங்கள் அணியின் மேல் விழுந்தவை எதிரியின் குண்டுகள் அல்ல. நம்முடைய பீரங்கிகளின் குண்டுகள். பதினொரு பேரைக் கொன்றதும் உங்கள் காலை எடுத்ததும் அவைதான். ஐம்பத்திரண்டு வருடமாக மறைத்து வைத்திருந்ததை மேஜர் இப்போது அச்சில் சொல்லப்போகிறார். சொல்லட்டும். ஆனால் குற்றத்தை அவர் ஒரு தவறான ஆள்மேல் வைத்திருக்கிறார். ஆவணம் அப்படித்தான் சொல்கிறது. அந்த ஆவணத்தை அப்படிச் சொல்லவைத்தவன் நான்.

பீரங்கிப் படையில் ‘ஏதோ எழுத்து வேலை’ பார்த்தேன் என்றுதான் உங்களிடம் சொல்லிவந்திருக்கிறேன். அது கணக்கு வேலை. மண்ணுக்கடியில் ஓர் அறை, இரண்டு மேசை, இரண்டு ஆள். இலக்கு வரைபடத்தில் எங்கே இருக்கிறது, காற்று எப்படி அடிக்கிறது என்பதையெல்லாம் பார்த்து, பீரங்கியை எவ்வளவு தொலைவுக்கு வைப்பது என்று இருவரும் தனித்தனியே கணக்குப் போட வேண்டும். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டு விடையும் ஒன்றாக இருந்தால் அதிகாரி சுட உத்தரவிடுவார். வேறுபட்டால் மறுபடியும் முதலிலிருந்து போட வேண்டும். அந்த ஏற்பாட்டின் உயிரே அந்தத் தடுப்பில்தான் இருந்தது.

மற்ற மேசையில் இருந்தவரை எல்லோரும் வாத்தியார் என்போம். படைக்கு வருமுன் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அவர் விடை தப்பாகி யாரும் பார்த்ததில்லை. என்னை ரப்பர் என்பார்கள். எழுதுவதும் அழிப்பதுமாக இருப்பேன் என்பதால். “டேய் ரப்பர், உன் பேரையாவது அழிக்காம எழுதுவியா?” என்று வாத்தியார் கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

மூன்றாமவர் தபால்காரர். ஊரில் உண்மையிலேயே தபால்காரராக இருந்தவர். எங்களை விட மூத்தவர், நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். காற்றின் திசையும் வேகமும் எழுதிய சீட்டை வானிலைக் கூடாரத்திலிருந்து சேற்றில் ஒரு மைல் ஓடி வந்து கொடுப்பது அவர் வேலை. ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று, “சார், தபால்! ரிஜிஸ்டர் தபால், கையெழுத்து போட்டு வாங்குங்க!” என்று கத்துவார். வாங்குகிறவன் சீட்டின் மூலையில் நேரத்தைக் குறிக்க வேண்டும். அன்று வாங்கியவன் நான். நாலு முப்பத்தைந்து என்று பென்சிலால் எழுதினேன். “சார், காத்து திரும்பிடுச்சு சார், என் மூஞ்சிலயே அடிக்குது” என்று அவர் சொல்லிவிட்டுப் போனது இன்னும் காதில் இருக்கிறது. சீட்டை வாத்தியாருக்கும் காட்டினேன். ஏதோ எழுதிக்கொண்டிருந்தவர், “வை, வை” என்றார். வைத்தேன். அவர் பார்க்கவில்லை.

முந்தின நாள் மழையில் கூரை சரிந்ததால் தடுப்புப் பலகையை எடுத்து மேலே முட்டுக் கொடுத்திருந்தோம். எனக்கு ஆறாயிரத்து முந்நூற்றுப் பத்து மீட்டர் வந்தது. எதிர்க்காற்று என்பதால் நூற்றுப் பத்தைக் கூட்டியிருந்தேன். தலையை நிமிர்த்தியபோது வாத்தியாரின் தாள் கண்ணில் பட்டது. ஆறாயிரத்துத் தொண்ணூறு. அதற்கு முன் வந்த பழைய சீட்டை வைத்து, பின்காற்று என்று நூற்றுப் பத்தைக் கழித்திருந்தார். அது எனக்குப் புரிந்தது என்பதுதான் விஷயம். புரியாமல் செய்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். வாத்தியார் தப்புவாரா, நான்தான் எங்கோ சறுக்கியிருப்பேன் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு எப்போதும் சுலபம். அதிகாரி கையை நீட்டிக்கொண்டு வந்தார். என் விடையை அழித்தேன். வாத்தியாருடைய விடையை எழுதினேன்.

இருநூற்று இருபது மீட்டர் குறைவு. அந்த இருநூற்று இருபது மீட்டரில்தான் நீங்கள் இருந்தீர்கள். பனி மூட்டத்தில் எங்கே விழுகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. தொலைபேசியில் சேதி வருவதற்குள் முப்பத்திரண்டு குண்டு போய்விட்டது.

விசாரணைக்கு முந்தின நாள் வாத்தியார் என்னிடம், “ரெண்டு தாளும் ஒண்ணாத்தானே இருக்கு? சீட்டு வந்திருந்தா ரெண்டு பேருமா தப்பு பண்ணுவோம்? அதையே கேப்பாங்க” என்றார். அழி என்று அவர் சொல்லவில்லை. சீட்டின் மூலையில் இருந்த நேரத்தை நானே அழித்தேன். மறுநாள் தபால்காரர் நிமிர்ந்து நின்று, “நாலரை வாக்குலயே குடுத்துட்டேன் சார். இதோ, இவரு கையிலதான் குடுத்தேன். கேளுங்க சார், சொல்லுவாரு” என்று என்னைக் காட்டினார். முகத்தில் பயமே இல்லை. விசாரணை அதிகாரி என்னைக் கேட்டார். சுட்ட பிறகுதான் வந்தது என்றேன். தபால்காரர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. நான் வேறு யாரையோ பற்றிப் பேசுகிறேன் என்று நினைத்தவர் போல இருந்தார்.

எட்டு மாதச் சிறை, பிறகு வெளியேற்றம். சேதியைத் தாமதித்தவர் என்று எழுதியிருந்ததால் தபால் அலுவலகமும் அவரைத் திரும்ப எடுக்கவில்லை. போர் முடிந்து இரண்டாவது வருடம் அவர் தெருவைத் தேடிப் போனேன். கிடங்கில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். எதிர்ச் சாரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். இப்போது அவர் இல்லை, வாத்தியாரும் இல்லை. தபால்காரரின் மகள் மட்டும் இருக்கிறார். புத்தகத்தில் ஒரு பிரதி வேண்டுமென்று முன்கூட்டியே எழுதிப்போட்டிருக்கிறார். அவர் கடிதத்தை மேஜர் எனக்கு அனுப்பியிருந்தார், அடைவுக்காரன்தானே பதில் சொல்ல வேண்டும் என்று. ஒரே கேள்விதான் கேட்டிருந்தார். எங்க அப்பா பேரு எந்தப் பக்கத்துல வருது?

நடந்ததை முழுவதும் எழுதி மேஜருக்கு ஒரு கடிதம் தயார் செய்திருக்கிறேன். அதன் நகலை இத்துடன் வைக்கிறேன். காலை இழந்தவர் நீங்கள். இதில் முடிவு சொல்லும் உரிமை உங்களுக்குத்தான். அனுப்பலாம் என்று ஒரு வரி எழுதினால் அனுப்புகிறேன். வேண்டாம் என்றால்

சனிக்கிழமை, மாலை

நேற்று அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். உங்கள் அக்கா, “தம்பிக்கா எழுதறீங்க? அந்தப் பழைய காலைத் தூக்கிப் போட்டுடாம வெச்சிருக்கச் சொல்லுங்க” என்று உள்ளிருந்து குரல் கொடுத்தாள். திரும்ப வந்து படித்துப் பார்த்தால், நான் மறுபடியும் பக்கத்து மேசையை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. உங்கள் விடை என்னவென்று தெரிந்தபின் என் விடையை எழுதலாம் என்று காத்திருக்கிறேன். இந்த வயதிலும்.

ஆகவே இன்று காலை தபால் நிலையம் போய் மேஜருக்கு எழுதிய கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ஜன்னலில் இருந்த பெண் கையெழுத்துக் கேட்டாள். போட்டேன். தபால்காரரின் மகளுக்கும் எழுதியாகிவிட்டது. உங்களைக் கேட்காமல் செய்ததற்கு என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. அந்த ஒன்றையாவது கேட்காமல் செய்ய வேண்டியிருந்தது.

மதியச் சொட்டு மருந்து விட்டபின் உங்கள் அக்கா ஐந்து நிமிடம் கண்ணை மூடிப் படுத்திருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் அவளிடம் சொன்னேன். அவள் பார்க்கும்போது சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. முடித்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. “ஆஸ்பத்திரிக்கு மொத நாள் தம்பியைப் பாக்க வந்தீங்களே, அது இதுக்காகத்தானா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “ரெண்டாவது நாளு?” அதற்கும் ஆமாம்தான். மூன்றாவது நாளைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானே சொன்னேன். அன்று அவள் உங்கள் கட்டிலருகே உட்கார்ந்து, ஒத்தைச் செருப்பு வாங்கினால் பாதி விலைக்குத் தருவார்களா என்று நீங்கள் கேட்டதற்கு அழுதுகொண்டே சிரித்தாள். அந்த நாளிலிருந்து நான் வந்தது அவளுக்காகத்தான் என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள். சாயங்கால மருந்தைத் தானே விட்டுக்கொண்டாள். பாதி மருந்து கன்னத்தில் வழிந்தது. உதவ எழுந்தேன், வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

எனக்கு நீங்கள் பதில் எழுத வேண்டும் என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. அக்காவுக்கு மட்டும் எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள். அவளுக்கு இன்னும் ஒரு வாரம் படிக்க முடியாது. அவள் சம்மதித்தால், என்னைப் பற்றி நீங்கள் என்ன எழுதியிருந்தாலும் ஒரு சொல் விடாமல் நானே வாசித்துக் காட்டுவேன். இல்லையென்றால் எதிர்வீட்டு நர்ஸ் வாசிப்பார். குளிர் தொடங்கிவிட்டது. புதுக் காலை நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். நீங்கள் நல்லபடியாக நெடுநாள் இருக்க வேண்டும்.

இதைப் பேனாவில் எழுதியிருக்கிறேன். கீழே உள்ள சொல்லைப் போட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. வேண்டாம் என்றால் நீங்களே அடித்துவிடுங்கள்.

உங்கள்
அத்தான்