அப்பாவின் பங்கு மாத்திரை

எம்சிம்பா,
மே 11.

தொவேராவின் அப்பாவுக்கு,

நீங்கள் நலமாக இருந்தால் நாங்களும் நலம் என்று எழுதித்தான் எப்போதும் ஆரம்பிப்பேன். ஏழு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை, அதை எப்படி எழுதுவது? நாங்கள் இருக்கிறோம். நீங்களும் அந்த ஜோகன்னஸ்பர்க்கில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும்.

சோளம் அறுத்தாகிவிட்டது. கடைசி மழை ஏமாற்றினாலும் குதிர் பாதிக்கு மேல் நிறைந்திருக்கிறது. சமையலறைக் கூரையை உங்கள் அக்கா எஸ்னாத்தி தானே ஏறி வேய்ந்தாள். நாள் முழுக்கக் கால் வலி என்று புலம்புகிறவள் கூரைமேல் உட்கார்ந்து புல் கட்டியதை ஊரே வேடிக்கை பார்த்தது. ஆம்பிளை இல்லாத வீடு என்று யாரோ சொன்னதற்கு அங்கிருந்தே பதிலும் கொடுத்தாள். சின்னவன் கும்போவுக்கு இரண்டரை வயதாகிறது. யார் போட்டோவைக் காட்டினாலும் அப்பா என்கிறான்.

போன அக்டோபரில் நான் எழுதிய கடிதத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது தொவேரா உட்காருமிடத்தில் ஓயாமல் சொறிந்துகொண்டிருந்தாள். தூக்கமில்லாமல் வகுப்பில் தூங்கி விழுந்து டீச்சரிடம் திட்டு வாங்கினாள். ஒரு நாள் கழுவிவிடும்போது பார்த்தேன், வெள்ளை நூல் துண்டுகள் போல நெளிந்தன. எல்லாம் இனிப்பால் வருகிறது என்றாள் எஸ்னாத்தி. நானும் நம்பினேன். நீங்கள் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய மிட்டாய் டப்பா நினைவிருக்கிறதா? அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, தீர்ந்துவிடக் கூடாதென்று நாளுக்கு ஒன்றாகத் தின்றாள் குழந்தை. நான் அதை அப்படியே கொண்டுபோய்க் கக்கூஸ் குழியில் கொட்டினேன். அவள் அழவில்லை, பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கே உட்கார்ந்து உங்களுக்கு எழுதினேன். உங்கள் மிட்டாய் பிள்ளையை அசிங்கம் பண்ணிவிட்டது, வந்து பார்க்க முடியாதவர் இனி எதையும் அனுப்ப வேண்டாம் என்று. என் கோபம் பூச்சிமேல் இல்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து ஊருக்கு வந்த மனாசே எல்லா வீட்டுக்கும் பொட்டலம் கொண்டுவந்தார். நம் வீட்டு வாசலில் வெறுங்கையோடு நின்றார். "கடுதாசி கெடச்சிது தங்கச்சி. படிச்சிட்டு மடிச்சிப் பையில வச்சிக்கிட்டாரு" என்றார். வேறென்ன என்று கேட்டதற்கு என் முகத்தைப் பார்க்காமல் ஆட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

இனிப்பு நின்றது, அரிப்பு நிற்கவில்லை. கசப்பு வேரைக் காய்ச்சிக் கொடுத்தோம். அதைக் குடித்துவிட்டு அவள் வாந்திதான் எடுத்தாள். போன மாதக் கடைசியில் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். நான் ஆரம்பத்திலிருந்து சொல்லி முடித்ததும் நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். "இது கீரிப்பூச்சி. இனிப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. சொறியிற நகத்துல முட்டை ஒட்டிக்குது, அந்தக் கை வாய்க்குப் போவுது. என் புள்ளைங்களுக்கும் வந்திருக்கு" என்றாள்.

நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும், சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், காலையில் எழுந்ததும் குளிப்பாட்டி உள்ளாடை மாற்ற வேண்டும், படுக்கைத் துணியை உதறவே கூடாதாம், அப்படியே சுருட்டிக் கொண்டுபோய்ச் சுடுதண்ணீரில் துவைக்க வேண்டுமாம். நீங்கள் அனுப்பிய நீலக் கம்பளியை வீட்டுக்குள் வைத்தே நான் தினமும் படபடவென்று உதறினேன். முட்டைகளை வீடெல்லாம் பரப்பியது நான்தான்.

ஒருத்திக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போகாது, வீட்டில் இருக்கிற எல்லோரும் ஒரே நாளில் விழுங்க வேண்டும், இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை என்றாள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள். நான் நாலு என்றேன். தொவேரா அஞ்சு என்றாள். அஞ்சாவது யார் என்று நர்ஸ் கேட்க, அப்பா, ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறார் என்றாள். நர்ஸ் என்னைப் பார்த்துவிட்டு அஞ்சு பேருக்கு எண்ணிக் கொடுத்தாள். அவள் புருஷனும் அங்கேதானாம்.

திரும்பி வரும் வழியில் தொவேரா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இப்ப பூச்சி போயிரும்ல? அப்ப அப்பாவுக்கு எழுதும்மா."

என்ன எழுத என்று கேட்டேன்.

"நான் அசிங்கமா இல்லன்னு."

எழுத எழுத வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் எனக்கு. அந்த அக்டோபர் கடிதத்தை எழுதிய அன்றைக்கு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள். ஒன்பது வயதுப் பிள்ளை ஏழு மாதமாக, தன்னால்தான் அப்பா பேசாமல் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போய்வந்திருக்கிறாள். நான் அந்த மண் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நகத்தை ரத்தம் வர வெட்டிக்கொள்கிறாள். போதும் என்றாலும் கேட்பதில்லை. வருகிற ஞாயிறு எங்களுக்கு இரண்டாவது தடவை. உங்கள் பங்கை அவளே காகிதத்தில் மடித்து இதற்குள் வைத்திருக்கிறாள். முதலில் ஒன்று, இரண்டு வாரம் கழித்து ஒன்று.

என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். அங்கே உங்களுக்கு வேறு யாராவது சமைத்துப் போட்டாலும் நான் கேட்கவில்லை. எனக்கு எழுத வேண்டாம். மாத்திரையை விழுங்கிவிட்டேன் என்று அவள் பேருக்கு ஒரு வரி போடுங்கள். விழுங்காவிட்டாலும் போடுங்கள்.

கடவுள் உங்களைக் கைவிடாதிருக்கட்டும்.

தொவேராவின் அம்மா,
ஜோண்டிவே