வேர் விட்டதெல்லாம் வீட்டோடு

மே 29
தோட்டத்துக் குழாய் உடைந்து மூன்று நாளாகிறது. வீட்டுக்காரர் போனை எடுக்கிற ஆளா? வாடகை வாங்க மட்டும் கொத்துச் சாவியைக் குலுக்கிக்கொண்டு வருவார். நானும் கணவரும் அவருக்கு வைத்த பெயரே சாவிக்கொத்துதான். இன்று குழாயைப் படம் எடுத்து அனுப்பிவிட்டேன். பின்னால் என் பியோனிப் பூச்செடிகளும் படத்தில் விழுந்திருக்கின்றன. மூன்று வருடம் வெறும் இலையாக நின்று ஏமாற்றியவை, இந்த வருடம் கிண்ணம் கிண்ணமாகப் பூத்திருக்கின்றன.

ஜூன் 2
"தோட்டம் பிரமாதமா இருக்கே" என்று பதில் வந்திருக்கிறது. குழாயைப் பற்றி மூச்சு இல்லை. தண்ணி இல்லாம எத்தனை நாளைக்குப் பிரமாதமா இருக்கும்?

ஜூன் 15
இந்த ஆத்திரம் எழுதினால்தான் அடங்கும்.

சாவிக்கொத்து வந்தார். ப்ளம்பரோடு வருகிறார் என்று பார்த்தால், மகளோடு. அவள் சமையலறையைக்கூட எட்டிப் பார்க்கவில்லை, நேராகத் தோட்டத்துக்குப் போனாள். எவ்வளவு அழகுக்கா என்றாள். நானும் பல்லை இளித்துக்கொண்டு ஒவ்வொரு செடியாகக் காட்டினேன். கிளம்பும்போது அவர் சொல்கிறார் — படத்தைப் பார்த்ததிலிருந்து மகளுக்கு இந்த வீடுதான் வேண்டுமாம். அக்டோபர் கடைசிக்குள் காலி செய்ய வேண்டுமாம்.

என் பூவைப் பார்த்துட்டு என்னையே கிளப்புறாங்க. படத்தை அனுப்பினது யாரு? நான். சொந்தச் செலவில் சூனியம்.

ஜூன் 16
"செடிதானே, போற இடத்துல வேற வெச்சுக்கலாம்" என்கிறார் என் கணவர். இன்று முழுக்க இவரோடு பேச்சு இல்லை.

ஜூன் 20
செடிகளை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று போனில் சொன்னேன். "மண்ணுல வேர் விட்டதெல்லாம் வீட்டோட சேர்ந்ததும்மா. ஒண்ணு குறைஞ்சாலும் நல்லா இருக்காது" என்றார்.

நாங்கள் வந்தபோது அது மண்ணா? செங்கல்லும் ஜல்லியும். கொத்திக் கொத்தி நகம் பெயர்ந்தது எனக்கு. அப்போ எங்கே போயிருந்தது சாவிக்கொத்தோட சட்டம்? இப்போதே பிடுங்கிக்கொண்டு போகலாம் என்றாலும் முடியாது. கோடையில் பியோனியைத் தோண்டினால் அத்தோடு சரி. இலை பழுத்து, வேர் தூங்கப் போன பிறகுதான் கை வைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 9
நான் வேலை பார்க்கிற க்ளினிக்கில், டோக்கன் கேட்ட பல்வலிக்காரர் மேல் எரிந்து விழுந்தேன். டாக்டர் கூப்பிட்டுக் கண்டித்தார். வீட்டுக்கு வந்து, குளியலறையிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து செடிகளுக்கு ஊற்றினேன். யாருக்காக ஊத்தறேன்? ஊற்றாமல் இருக்கவும் முடியவில்லை. அதுதான் இன்னும் ஆத்திரம்.

அக்டோபர் 28
பியோனி, லில்லி எல்லாம் பழுத்துவிட்டன. வருடா வருடம் செய்வதுபோல் தரையோடு வெட்டிவிட்டேன். பெயர் எழுதிச் செருகியிருந்த குச்சிகளை மட்டும் உருவிக்கொண்டேன். குச்சி வேர் விடவில்லையே.

சாவியைக் கொடுத்தாயிற்று. அவர் மகள் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 17
சாவிக்கொத்து போனில் கத்தினார். வெறும் மண்ணை விட்டுவிட்டுப் போயிருக்கிறேனாம். எல்லாவற்றையும் சாகடித்துவிட்டேனாம். ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்து சிமென்ட் போடப்போகிறார்களாம், கார் நிறுத்த.

பூவுக்காக என்னைத் துரத்திட்டு, சிமென்டாம்!

எதுவும் சாகவில்லை, வேர் உள்ளேதான் இருக்கிறது என்று இரண்டு முறை சொன்னேன். காதில் வாங்கினால்தானே. அப்போதுதான் தோன்றியது.

"அப்போ அந்த வேரையெல்லாம் நான் எடுத்துக்கலாமா?"

"தாராளமா அள்ளிட்டுப் போங்க. எனக்கு ஒரு வேலை மிச்சம்."

போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். ஜூனுக்குப் பிறகு இன்றுதான். வேர் எடுக்க இதைவிட நல்ல சமயமும் கிடையாது.

நவம்பர் 18
நான் கேட்காமலே இவர் மண்வெட்டியோடு கிளம்பினார். ஒவ்வொரு வேர்த்தூராக மண்ணோடு தூக்கினோம். எல்லாவற்றின் தலையிலும் சிவப்பு முளைக்கண்கள், அடுத்த வருடத்துக்குத் தயாராக.

சாவிக்கொத்தின் மகள் டீ கொண்டுவந்தாள். காருக்கு இடம் அவள் கேட்கவில்லையாம். "அப்பா முடிவு பண்ணிட்டார்க்கா. பூ இல்லேன்னா அந்த இடம் எதுக்குன்னார்." சொல்லிவிட்டு வெறும் மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

குழாயடியில் இருந்த தூரை எடுக்கவில்லை. அந்த மூலையில் மட்டும் சிமென்ட் போட விடாதே என்றேன். ஏன் என்றாள். சும்மாதான் என்றேன்.

மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. அந்தத் தூர் பெரிது, வாளியில் அடங்காது. அப்படியே இருக்கட்டும்.

டிசம்பர் 3
புது வீட்டின் பின்பக்கம் நல்ல மண் இருக்கிறதே என்றார் இவர். இனி வாடகை மண்ணை நம்புவதாக இல்லை. எல்லாம் பெரிய பெயின்ட் வாளிகளில், அடியில் ஓட்டை போட்டு. முளைக்கண் இரண்டு விரல் ஆழத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் இலை வரும், பூ வராது.

ஏப்ரல் 6
வாளிகளில் முளை வந்துவிட்டது. ஆனால் இந்த வருடம் ஒன்றும் பூக்காது. இடம் மாற்றினால் பியோனி கோபித்துக்கொள்ளும். அந்தக் கோபம் எனக்குப் புரியும்.

சாயங்காலம் சாவிக்கொத்தின் மகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். சுற்றிலும் சிமென்ட், உடைந்த அதே குழாய், அடியில் சிவப்பாக விரல் விரலாக முளைகள். "அக்கா, இது என்ன?"

இந்த வருடம் பூக்கப்போவது அது ஒன்றுதான்.

பதில் போடவில்லை. நாளைக்குச் சொல்கிறேன். இன்று ஒரு நாள் காத்திருக்கட்டும்.