சேகரின் ஆள்காட்டி விரல்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கண்ணாடிக் கதவு உடைந்து என் கணவர் சேகரின் மணிக்கட்டு நரம்பு அறுந்து எட்டு மாதம் ஆகிறது. தைத்த இடத்திலிருந்து நரம்பு மெல்ல வளர்ந்து விரல்களைத் தேடிப் போகும் என்றார்கள். அதை நம்பித்தான் இருந்தோம். அவர் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவில் கைத்தொலைபேசி பழுது பார்ப்பவர். பொடித் திருகாணிகளைத் தொட்டே எடுப்பார்.

இன்று ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுக்கும் பெண், "கண்ண மூடிக்குங்கண்ணே. எந்த விரல தொடுறேன்?" என்று பஞ்சால் ஆள்காட்டி விரலைத் தொட்டாள்.

"நடு விரல் லா. நல்லாவே தெரியுது," என்றார். இத்தனை மாதத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணைத் திறந்தார். பஞ்சு இருந்த இடத்தைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

வளரும் நரம்பிழைகளில் சில வழி மாறி அடுத்த விரலுக்குப் போய்விடுமாம். நடு விரலுக்குப் போகவேண்டிய இழை ஆள்காட்டிக்கு வந்தாலும் மூளைக்கு அது நடு விரல்தானாம்.

"திரும்ப வெட்டிச் சரியா வைக்க முடியாதாம்மா?" என்று கேட்டேன்.

"அப்பவும் எந்தப் பக்கம் போகும்னு யாராலயும் சொல்ல முடியாதுக்கா. வீட்ல தினமும் தொட்டுத் தொட்டுப் பழக்குங்க. மூளை கத்துக்கலாம்."

கத்துக்கும் என்று அவள் சொல்லவில்லை.

சாப்பிட்டபின் அவரைக் கண்ணை மூடச் சொல்லிப் பழக்கினோம். ஆள்காட்டி விரலைத் தொட்டேன். நடு விரல் என்றார். மறுபடி தொட்டேன். நடு விரல். மூன்றாம் முறை, "ஆள்காட்டி," என்றார். சந்தோஷமாக நிமிர்ந்தேன். அவர் இமை முழுசாக மூடியிருக்கவில்லை.

"சரியாச் சொன்னீங்க," என்றேன். வேறென்ன சொல்ல.