இரும்பு அலமாரியில் பதினோரு பேர்

12 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. மாதா கோயிலிலிருந்து பாதர் போன் செய்தார். "டீச்சர், யூத் பிள்ளைங்க ஒரு கேள்வி கேட்டிருக்காங்க. திருச்சபை அடிமை முறைய ஆதரிச்சுச்சா, எதிர்த்துச்சான்னு. அடுத்த மாசம் நீங்க வந்து பேசுங்களேன்." முப்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் சரித்திரம் நடத்தியவள் என்பதால் என்னைக் கேட்கிறார். சரி என்றேன். ஓய்வு பெற்ற பிறகு ஒரு வேலை வந்ததில் சந்தோஷம்தான்.

16 ஆகஸ்ட், சனி

1452. பாப்பரசர் போர்த்துகீசிய மன்னருக்கு ஒரு கடிதம் தருகிறார். கிறிஸ்தவர் அல்லாதவர்களைப் பிடித்து நிரந்தர அடிமைகளாக்க அனுமதி. அனுமதி! ஐம்பத்தொன்பது வருடம் கழித்து அந்த நாட்டுக் கப்பல்கள் நம் மலாக்காவில். அந்தக் கோட்டை வாசலில் எத்தனை முறை பள்ளிப் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்திருக்கிறேன். இதைச் சொன்னதில்லை. எனக்கே தெரியாது.

1537இல் இன்னொரு பாப்பரசர், அமெரிக்கப் பழங்குடிகளை அடிமையாக்கக் கூடாது என்றார். மீறியவர்களுக்குச் சொன்ன தண்டனையை மறு வருடமே திரும்பப் பெற்றுக்கொண்டார். 1838இல் அமெரிக்காவில் சேசு சபைக் குருக்கள் தங்கள் தோட்டத்து ஆட்கள் 272 பேரை விற்றிருக்கிறார்கள். அவர்களில் பலர் ஞானஸ்நானம் பெற்றவர்கள். விற்றவர் கையாலேயே நற்கருணை வாங்கியிருப்பார்கள்.

இதை எப்படி இந்தப் பிள்ளைகளிடம் சொல்வது?

19 ஆகஸ்ட், செவ்வாய்

பெத்ரோனெலா வந்தாள். கொழுந்துக் கூடையோடு படியிலேயே நின்றாள்.

என் கணவர் அருள் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் குத்தகை எடுப்பவர். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இன்னும் கங்காணி என்றுதான் அவரைக் கூப்பிடுகிறார்கள். இந்தோனேசியாவின் புளோரஸ் தீவிலிருந்து அவர் கொண்டுவந்த பதினோரு பெண்களில் இவள் ஒருத்தி. எல்லாரும் கத்தோலிக்கர்கள். ஞாயிறு பூசைக்கு எங்கள் வேனில்தான் வருவார்கள்.

மலாயில் பேசினாள். அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை, ஊருக்குப் போக வேண்டும், பாஸ்போர்ட் வேண்டும், இபு. இபு என்றால் அம்மா; என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

அருள் உள்ளேயிருந்து தமிழில் சொன்னார். "ஒருத்திக்குக் குடுத்தா பதினோரு பேரும் கெளம்பிருவாங்க. இந்த ரவுண்டு கொழுந்து முடியட்டும், அப்புறம் பாக்கலாம்லா."

அவளிடம் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். பாஸ்போர்ட்டுகள் எங்கள் படுக்கையறை இரும்பு அலமாரியில். சாவி என் இடுப்பில்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

வெள்ளிக்கிழமையே அவள் அம்மா இறந்துவிட்டாராம். வேனில் யாரும் பாடவில்லை. பாதரோடு நானும் நற்கருணை கொடுப்பேன்; அவள் முதலில் என் வரிசையில்தான் நின்றாள். நான்கு பேர் முன்னால் இருக்கும்போது விலகி, பாதர் வரிசைக்குப் போய்விட்டாள்.

27 ஆகஸ்ட், புதன்

பெத்ரோனெலா லயத்தில் இல்லை.

29 ஆகஸ்ட், வெள்ளி

கம்போங் ராஜா ஊரைத் தாண்டி போலீஸ் ரோட் பிளாக்கில் அவளைப் பிடித்துவிட்டார்கள். காய்கறி லோரியில் ஏறிப் போயிருக்கிறாள். கையில் ஒரு தாளும் இல்லை. இப்போது குடிநுழைவுத் தடுப்பு முகாமில்.

"ஓடுனா இப்படித்தான். நான் என்ன பண்றது?" என்கிறார் அருள்.

அவ பேப்பர் இங்க, அவ அங்க. அவரு மட்டுமா பூட்டுனாரு? நானும்தானே.

3 செப்டம்பர், புதன்

மத்தியானம் சமைக்கும்போது படியில் கூடை உரசும் சத்தம். போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. இன்றைக்கு மூன்றாவது முறை. அலமாரியைத் திறந்து அவள் படத்தைப் பார்த்தேன். நேராகப் பார்க்கிறாள் — பாஸ்போர்ட் படத்தில் எல்லாரும் நேராகத்தான் பார்ப்பார்கள். அதற்காக இப்படியா?

பக்கத்து வீட்டு வேலம்மா கறிவேப்பிலை கொடுக்க வந்தார். எனக்கு முன்பே அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "எங்க ஆளுங்களும் அந்தக் காலத்துல கங்காணிய கேக்காம தோட்டத்த விட்டு நகர முடியாதாம், டீச்சர்," என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

7 செப்டம்பர், ஞாயிறு

பூசையில் இரண்டாம் வாசகம் வாசிப்பது இன்று என் முறை. ஓடிவந்த அடிமையைப் புனித பவுல் எஜமானிடம் திருப்பி அனுப்பும் கடிதம். இனி அடிமையாக வேண்டாம், சகோதரனாக ஏற்றுக்கொள் என்கிறார். இத்தனை வருடம் அதை அழகான கடிதம் என்று நினைத்திருந்தேன். இன்று ஒரு வார்த்தைதான் கண்ணில் பட்டது: திருப்பி அனுப்புகிறார். உனக்குப் போக விருப்பமா என்று அந்த மனிதனை யாராவது கேட்டார்களா?

வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்தேன். அருள் வாசலில் வந்து நின்றார்.

"என்ன பண்ற?"

"குடுக்கப் போறேன்."

"தோட்டத்துல என் பேரு போயிரும், புனிதா. குத்தகை போயிரும். இந்த வீடும் தோட்டத்து வீடுதான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

பத்துப் பாஸ்போர்ட்டை எண்ணிப் பையில் போட்டேன். அவர் வழியை மறிக்கவில்லை, அதையும் எழுத வேண்டும். லயத்துக்கு நடந்து போய்ப் பத்தையும் கொடுத்தேன். ஒருத்தியும் நன்றி சொல்லவில்லை. பிரான்சிஸ்கா மட்டும் பிரித்துத் தன் படத்தை இரண்டு முறை சரிபார்த்தாள். எதற்கு நன்றி சொல்ல வேண்டும்?

11 செப்டம்பர், வியாழன்

முகாமுக்குப் போனேன். பெத்ரோனெலாவுக்கு என்னைப் பார்க்க விருப்பமில்லையாம். பாஸ்போர்ட்டை அதிகாரியிடம் கொடுத்தேன். இது இத்தனை நாள் யாரிடம் இருந்தது என்றார். என் கணவரிடம், என்னிடம் என்றேன். நிச்சயமா என்று மறுபடியும் கேட்டார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்து பஸ்வரை வந்துவிட்டேன்.

20 செப்டம்பர், சனி

பேசினேன். 1452, மலாக்கா, 272 பேர், பின்னால் வந்த கண்டனங்கள், 2023இல்தான் வத்திக்கான் அந்தப் பழைய கடிதங்களைக் கைவிடுவதாகச் சொன்னது — எல்லாம். பிறகு அலமாரியைப் பற்றியும் சொன்னேன். பாதர் தலை நிமிரவில்லை.

சசிரேகா என்ற பெண் கையைத் தூக்கினாள். "டீச்சர், அது தப்புன்னு உங்களுக்கு எப்போ தெரிஞ்சுச்சு?"

எப்போதுமே தெரியும் என்றேன்.

5 அக்டோபர், ஞாயிறு

பிரிஞ்சாங்கில் கடை மேல் ஒரு அறைக்கு வந்து பத்து நாளாகிறது. குத்தகை போய்விட்டது, விசாரணை முடியவில்லை. பெத்ரோனெலாவை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மாவின் கல்லறைக்குப் போயிருப்பாள். அருள் கியா பார்மில் முட்டைக்கோஸ் கட்டும் வேலைக்குப் போகிறார். என்னோடு அதிகம் பேசுவதில்லை. இன்று, நான் கூப்பிடாமலே, பூசைக்குக் கிளம்பி வந்தார்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். கூட்டம் அதிகம். பூசை ஆரம்பித்த பிறகு பிரான்சிஸ்காவும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள், டாக்சியில். அவர்கள் மட்டும் வேறு ஒரு தோட்டத்தில் சேர்ந்திருக்கிறார்கள். எங்கள் பெஞ்சில் மூன்று பேருக்கு இடம் இருந்தது. அருள் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

பூசை முடியும்வரை மூவரும் நின்றுகொண்டே இருந்தார்கள்.