நீர்மூழ்கியில் ஒரு ஒத்திகை

ஹம்பேர்க்
21.10.2007

அன்புத் தங்கச்சி வைதேகிக்கு,

இங்கே ஜெர்மனியில் கோவில் கொண்டிருக்கும் ஊன்ட்றொப் அம்பாளின் துணையில் நானும் உன் அத்தானும் மகள் தேனுஜாவும் சுகம். நீயும் பிள்ளைகளும் சுகமாய் இருக்க, இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர வேண்டும். கிளிநொச்சிக்குப் போகும் தபால் எப்போது சேருமென்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. உன் அக்கா வென்றுவிட்டாள்.

என் தலைச்சுற்றுக்கு மண்டையைப் படம் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று டொக்டர் சொன்னதை எழுதியிருந்தேன். அதற்கு ஒரு குழாய்க்குள் அசையாமல் படுக்க வேண்டும். இரண்டு தரம் போய், இரண்டு தரமும் கத்திக்கொண்டு வெளியே வந்தேன். உள்ளே கட்டி இருந்தால், நாள் போகப் போக ஆபத்து என்று டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார். என்ன செய்ய? கண்ணை மூடினால் நம் வீட்டுப் பங்கர் குழிதான். ஷெல் விழுந்து மண் சரிந்து, நீயும் நானும் கழுத்தளவு புதைந்து கிடந்த அந்தப் பின்னேரம். அதற்குப் பிறகு நான் லிஃப்டில் ஏறியதில்லை. நீ பங்கருக்குள் இறங்கியதில்லை.

தேனுஜாதான் வழி கண்டுபிடித்தாள். இங்கே துறைமுகத்தில், ரஷ்யக் கடற்படையின் பழைய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். “அம்மா, முதல் அதுக்குள்ள ஒருக்காப் போய் வாங்கோ. பிறகு அந்தக் குழாய் ஒண்டுமில்லை” என்றாள்.

முந்தின சனிக்கிழமை மூவரும் போனோம். செங்குத்தான ஏணியில் இறங்கியதும் எண்ணெய் மணம். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக, சுவரில் வட்டமாக ஒரு வாசல். குனிந்து நுழைய வேண்டும். எனக்குத் திரும்பி ஏறிவிடலாம் போலிருந்தது. தைரியம் சொல்லிக்கொண்டு முன்னால் போன உன் அத்தான், தொப்பை மாட்டி நடுவில் நின்றுவிட்டார். பின்னால் ஜெர்மன்காரர் வரிசை. நான்தான் பிடித்துத் தள்ளினேன். சிரித்த சிரிப்பில் பயம் போன இடம் தெரியவில்லை. புது வீட்டுக்குள் போவதுபோல வலது காலை முதலில் வைத்து நானும் நுழைந்தேன்.

கடைசியில் மாலுமிகளின் படுக்கை. வழிகாட்டியிடம் கேட்டுக்கொண்டு அதில் மல்லாந்து படுத்தேன். மூக்குக்கு நேரே இரும்பு. சுற்றிலும் தண்ணீர் என்று தெரியும். ஆனாலும் மண் இல்லையே என்று ஒரு நிம்மதி, பாரேன். போதும், எழும்புங்கோ என்று தேனுஜா கெஞ்சும்வரை படுத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை குழாய்க்குள்ளும் அப்படியே படுத்தேன். வெள்ளிக்கிழமை டொக்டர் படத்தைக் காட்டி, கட்டி எதுவும் இல்லை, மருந்தே போதும் என்றார். உன் அத்தான் அழுதுவிட்டார். திரும்பும்போது நான் லிஃப்டில் வந்தேன். தொப்பை குறையட்டும் என்று அவரைப் படியால் வரச் சொன்னேன்.

வைதேகி, விமானச் சத்தம் கேட்டால் பிள்ளைகளைப் பங்கருக்குள் இறக்கிவிட்டு, நீ மட்டும் கிணற்றடியில் நிற்பதாக எழுதியிருந்தாய். இனி நிற்காதே, என் தங்கமே. அம்பாள் பேரைச் சொல்லி, வலது காலை முதலில் வைத்து இறங்கு. அக்கா பின்னால் நிற்கிறேன் என்று நினைத்துக்கொள். மாட்டிக்கொண்டால் பிடித்துத் தள்ளுவேன்.

உன்னையே நினைத்திருக்கும்,
மலர் அக்கா