காலி பீரோ ஏன் குதித்தது

என்னங்க,

நேற்று படியில் இறக்கும்போது காலி பீரோ ஏன் திடீரென்று குதித்தது என்று எனக்கு ராத்திரி வரை புரியவில்லை. நீங்களோ, "உன் தம்பி கையை விட்டுட்டான், சாப்பிடத்தான் லாயக்கு"ன்னு அவன் முகத்துக்கு நேராகவே கத்தினீர்கள். கொஞ்சம் தப்பியிருந்தால் அவன் கால் நசுங்கியிருக்கும்!

மேலே திரும்ப ஏற்றிய பீரோவைத் திறந்து பார்த்தேன். உள் டிராயர் நிறைய உங்கள் ஸ்பேனர்கள். பீரோ கதவுப் பக்கம் சாய்ந்ததும் டிராயர் சறுக்கிக் கதவில் மோதியிருக்கிறது. அந்த இடி முழுவதும் கீழே நின்றவன் மேல். நல்லா காலி பண்ணினீங்க, போங்க!

சாயங்காலம் வருவான். முதலில் மன்னிப்பு, அப்புறம் பீரோ. சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன்.

பி.கு.: டிராயரைக் கழற்றிவிட்டேன். பீரோவை மெத்தைமேல் மல்லாக்கக் கிடத்தி, அதில் கட்டிய கயிற்றை மாடித் தூணில் சுற்றி, மேலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கீழே யாரும் நிற்கக் கூடாது.