பண்ருட்டியில் மதியந்தோறும் சாகும் மென்பொருள்

ஏப்ரல் 21, திங்கள்
இன்றும் இழவு. என் அக்கா மகள் மலர்விழியின் முந்திரிப் பட்டறையில் மூட்டையை எடைபோட்டுத் தரச்சீட்டு அச்சிடும் மென்பொருளை நான்தான் எழுதினேன். ஈரேழு பதினாலு உலகத்திலும் அதற்கு நிகரில்லை என்று அறிவித்தவனும் நானே. காலையில் ராஜா மாதிரி ஓடுகிறது. மதியம் பிணம்.

“மாமா, ஆளுங்கலாம் கையக் கட்டிக்கினு நிக்கிறாங்க. லாரிக்காரன் ஹாரன் அடிச்சே கொல்றான்.”

மென்பொருளின் உடல் சி மொழி. உள்ளே பைத்தான் என்ற இன்னொரு கணினி மொழியைக் குடிவைத்திருக்கிறேன். தர விதிகளை மலர்விழியே பைத்தானில் மாற்றிக்கொள்ளட்டுமே என்ற பெருந்தன்மை. குடிவந்தவன் வீட்டையே இடிக்கிறான்.

ஏப்ரல் 22
நினைவகத்தைக் கூட்டினேன். செத்தது. பைத்தானை அழித்து மறுபடி நிறுவினேன். இன்னும் கொஞ்சம் சீக்கிரமாகச் செத்தது.

ஏப்ரல் 24, வியாழன்
சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து பண்ருட்டி போனேன். மலர்விழியின் தொழில் கூட்டாளி அப்துல் வாஹித் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. சனிக்கெழம பெரிய லோடு. அன்னிக்கும் நின்னா சென்னைக் கம்பெனிக்குச் சொல்லிடுவேன்.”

மலர்விழி காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ‘எங்க மாமா செய்வாரு’ என்று அவரிடம் மல்லுக்கு நின்றவள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஏன் திட்டல?

வீட்டில் இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. “பத்து சாப்புடுற ஆளு. காய்ச்சலா?” என்று என் மனைவி செந்தாமரை நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஏப்ரல் 25, வெள்ளி
பிடித்துவிட்டேன்!

பட்டறையில் சாகும்போது அது சொல்லும் மரண வாக்குமூலத்தைக் காட்டத் திரையே வைக்கவில்லை நான். இன்று வீட்டில், பிழைச் செய்திகளைக் காட்டும் கறுப்புத் திரையில் ஓட்டினேன், அதே மூட்டைகளின் கணக்கைத் திரும்பத் திரும்ப ஊட்டி. கடைசி வரியில் வந்தது: ‘ஒன்றுமில்லை’ என்பதைக் குறிக்கப் பைத்தான் வைத்திருக்கும் அந்த ஒரே பொருள் அழிக்கப்பட்டுவிட்டதாம். அரக்கர்களைக் கொன்றவர் உண்டு. சூனியத்தையே கொன்றவன் நான் ஒருவன்தான்.

எப்படி? ஒவ்வொரு பொருளையும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று பைத்தான் எண்ணி வைக்கிறது. எண்ணிக்கை பூஜ்யமானால் பொருள் காலி. பட்டியலிலிருந்து எடுத்துத் தருவதை மட்டும் ‘சும்மா பார்த்துக்கோ’ என்று, எண்ணிக்கையில் ஏற்றாமலே தருகிறது. நானோ சுரங்க ஸ்டோர்ஸில் தலை நரைத்தவன். ஒரு ஸ்பானர் வாங்கினாலும் திருப்பி ஒப்படைக்காமல் கேட் தாண்டாத ஜாதி. கைக்கு வந்ததையெல்லாம் ‘ஒப்படைத்தேன், ஒப்படைத்தேன்’ என்று எண்ணிக்கையில் கழித்துத் தள்ளியிருக்கிறேன். விதியில் காலியாக விட்ட ஒவ்வொரு இடமும் அந்த ‘ஒன்றுமில்லை’; அதைத் தொடும்போதெல்லாம் சூனியத்தின் ஆயுளில் ஒன்று குறைந்து, மதியத்துக்குள் அது தீர்ந்துபோகிறது.

ஒரு வரியை நீக்கினேன். ஒரே ஒரு வரி! இனி சாகாது. சாகாதுதானே?

ஏப்ரல் 26, சனி
வீட்டிலிருந்தே இணையம் வழியாகப் புதியதைப் போட்டாயிற்று. லீவு எடுத்து இயந்திரத்தின் பக்கத்திலேயே நிற்கிறேன் என்றேன். “வராதீங்க மாமா. நீங்க மொறச்சிப் பாத்தா நல்லா ஓடுறதும் நின்னுடும்.”

மதியம் தாண்டியது. போன் அடிக்கவில்லை. செந்தாமரை போனிலிருந்து என் போனுக்கு அடித்துப் பார்த்தேன். அடிக்கிறது.

சாயங்காலம் வாஹித் பாயிடமிருந்து ஒரு படம்: தார்ப்பாய் கட்டிய லாரியின் முதுகு. வேறொன்றும் எழுதவில்லை.

ஏப்ரல் 30, புதன்
மலர்விழி வேறு ஏதோ பேசும்போது இடையில் சொன்னாள் — உடைந்த பருப்புக்குப் புது விதி எழுதி, திங்கட்கிழமையே போட்டுவிட்டாளாம்.

“என்னை ஒரு வார்த்தை கேட்டியா?” என்று கர்ஜித்தேன்.

“எதுக்கு மாமா?” என்றாள். “அதான் ஓடுதே.”